இன்று ஒரு காரை வாங்கி மூடி வைத்தால் 20 வருடத்தில் கிளாசிக் ஆகுமா?

கேட்டவர் சொல்லியிருப்பதைச் சுருக்கிவிடுகிறேன். வயது 34, கையில் ஏழு லட்சம், வீட்டில் மூடிய ஷெட். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், மாருதி ஜிப்ஸி, 2020-ல் வந்த புதிய மஹிந்திரா தார் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றை வாங்கி 20 வருடம் வைத்திருந்தால் அது கிளாசிக் ஆகி விலை ஏறுமா என்கிறார். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த வண்டியை 2045 வாக்கில் ஆட்கள் தேடி அலைவார்கள் என்பது ஒன்று. அப்படித் தேடும்போது உங்கள் ஷெட்டில் நிற்பது ஸ்டார்ட் ஆகிற நிலையில், பேப்பர் சரியாக இருக்குமா என்பது மற்றொன்று. முதல் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். பணம் கரைவது இரண்டாவதில்.

நான் கோவையில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். 80, 90களின் மாருதி, பத்மினி, காண்டெஸா, பழைய ஹோண்டா சிட்டி, எப்போதாவது ஒரு சியரா, இவைதான் பெரும்பாலும் வரும். கோடிகளில் விலைபோகும் மகாராஜா காலத்து வண்டிகளின் சந்தை எனக்குப் பழக்கமில்லை. அது வேறு உலகம். அதனால் நான் சொல்வதெல்லாம் நடுத்தரக் குடும்பம் ஓட்டிய வண்டிகளைப் பற்றி.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியை நல்ல விலை கொடுத்து வாங்குகிறவர் 40லிருந்து 55 வயதுக்குள் இருப்பார். வீட்டுக் கடன் பாதி முடிந்திருக்கும், பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். அவர் வாங்குவது 15 வயதில் வாய்பிளந்து பார்த்து, அப்போது வாங்க முடியாமல் போன வண்டியை. யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு நடந்தது இதுதான். 98 சிசி டூ-ஸ்ட்ரோக், 1985-ல் வந்து 1996-ல் நின்றது. நின்ற பிறகு பத்து வருடத்துக்கும் மேல் அது வெறும் பழைய பைக். மெக்கானிக் கடை வாசலில் போட்டு வைத்திருப்பார்கள். 80களில் பள்ளிக்கூட வாசலில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்த பையன்களிடம் காசு சேர்ந்ததும்தான் விலை ஏறத் தொடங்கியது. இன்றைக்கு நன்றாகப் புதுப்பித்த ஒன்று, அன்று ஷோரூமில் விற்றதைப் போலப் பல மடங்குக்குக் கைமாறுகிறது.

அந்தக் கணக்கை உங்கள் பட்டியலுக்குப் போட்டுப் பாருங்கள். 2045-ல் 45 வயதாகிறவர் 2000-ல் பிறந்தவர். அவருக்கு 15 வயது 2015-ல். அந்த வருடம் பத்தாம் வகுப்புப் பையன் டியூஷன் போகும் வழியில் எந்தக் காரைப் பார்த்து நின்றான்? போலோ ஜிடி, ஃபார்ச்சூனர், டஸ்டர், பழைய முகம் கொண்ட தார். கொஞ்சம் விவரமானவன் என்றால் ஆக்டேவியா, அபார்த் புன்டோ. உங்கள் நான்கு வண்டிகளும் உங்கள் 15 வயதிலிருந்தும் அதற்குப் பிறகு நீங்கள் ஓட்ட ஆசைப்பட்டதிலிருந்தும் வந்தவை. உங்களிடம் 20 வருடம் கழித்து வாங்கப்போகிறவரின் 15 வயது வேறு. பெரும்பாலான கணிப்புகள் இங்கேதான் சறுக்குகின்றன: வாங்குகிறவர் தன் ஏக்கத்தையே சந்தை என்று நினைத்துக்கொள்கிறார்.

அரிய வண்டி என்றால் விலை ஏறும் என்பது அடுத்து எல்லாரும் சொல்வது. இது பாதி உண்மை. 80களின் நடுவில் இரண்டு வண்டிகள் இந்தியாவில் தோற்றன. ஒன்று, எஸ்கார்ட்ஸ் தயாரித்த ராஜ்தூத் 350 பைக். பெட்ரோலைக் குடிக்கிறது, உதிரிபாகம் விலை அதிகம் என்று ஜனங்கள் ஒதுங்கினார்கள். மற்றொன்று நம் ஊர்ச் சரக்கு: சென்னை பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தயாரித்த ஸ்டாண்டர்டு 2000. ஐரோப்பாவில் 1977-ல் அந்த வருடத்தின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய ரோவர் எஸ்டி1-ன் உடம்பு. உள்ளே போட்டதோ அந்தக் கால வான்கார்டு காரின் பழைய 2 லிட்டர் இன்ஜின். வெளியே பார்த்தால் கப்பல், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மூச்சு வாங்கும். 1985-ல் வந்தது, 1988-ல் கதை முடிந்தது. எண்ணிக்கையில் பார்த்தால் ஸ்டாண்டர்டு 2000 மிக அரிதானது. இருந்தும் அதற்கு ஒரு சில அபிமானிகள்தான். ராஜ்தூத் 350-க்கோ லட்சக்கணக்கில் கொடுக்க ஆள் வரிசையில் நிற்கிறது. இரண்டும் தோற்றவைதான். ஒன்று, அதை ஓட்டியவர்கள் வாழ்நாள் முழுக்க அதைப் பற்றிப் பேசும்படி ஓடியது. மற்றது ஓட்டியவர்களுக்கே ஏமாற்றம்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கம் மாருதி 800. 1983 டிசம்பரில் தொடங்கி 2014 வரை 25 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். இவ்வளவு செய்த ஒரு வண்டிக்கு யார் கூடுதல் விலை கொடுப்பார்கள் என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். இன்று முதல் மூன்று வருடங்களில் வந்த எஸ்எஸ்80 நல்ல நிலையில் கிடைத்தால் பெரிய விஷயம். எத்தனை செய்தார்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை. எத்தனை மிஞ்சின, அதில் எத்தனை கெடுக்கப்படாமல் மிஞ்சின என்பதே பொருட்டு. விலை குறைந்த வண்டியை யாரும் பாதுகாப்பதில்லை. மூன்றாவது ஓனரிடம் எல்பிஜி கிட் ஏறும், நான்காவது ஓனரிடம் டிங்கரிங் செய்து வேறு கலர் ஏறும், பிறகு உக்கடத்திலோ புதுப்பேட்டையிலோ இருக்கும் பழைய இரும்புக் கடைக்குப் போய்த் துண்டாகிவிடும். அதனால்தான் எல்லாரிடமும் இருந்த வண்டி திடீரென யாரிடமும் இல்லாமல் போகிறது.

இன்னொரு விஷயமும் கிட்டத்தட்ட உறுதி. ஒரு வண்டிக்குப் பின்னால் வந்த மாடல் சாதுவாக இருந்தால், முன்னால் போனதற்கு மவுசு கூடும். ஹோண்டா சிட்டியில் 2000-ஐ ஒட்டி வந்த 1.5 விடெக் 106 குதிரைத்திறன். 2003-ல் அதை நிறுத்திவிட்டு வந்த புதிய சிட்டி மைலேஜ் வண்டி, 77 குதிரைத்திறன்தான். வியாபாரத்தில் புதியதுதான் ஜெயித்தது. ஆனால் அன்றிலிருந்தே பழைய விடெக் வைத்திருந்தவர்கள் அதை விற்க மனமில்லாமல் வைத்துக்கொண்டார்கள். ரேஸ் டிராக்கிலும் ரேலியிலும் அது ஓடியது வேறு. இதே விதி தலைகீழாகவும் வேலை செய்யும். போர்ஷே 2013-ல் 911 ஜிடி3 ஸ்போர்ட்ஸ் காரை ஆட்டோமேட்டிக்கில் மட்டும் கொடுத்தது. ரசிகர்கள் புலம்பினார்கள். 2016-ல் மேனுவல் கியரோடு 911 ஆர் என்று 991 வண்டிகள் மட்டும் செய்தார்கள். கைமாற்று விலை ஒரே வருடத்தில் எகிறியது. 2017-ல் அதே கம்பெனி சாதாரண ஜிடி3-லேயே மேனுவலைத் திரும்பக் கொண்டுவந்ததும் 911 ஆர் விலை மளமளவென இறங்கியது. எண் போட்டு வந்த லிமிடெட் எடிஷனுக்கே இந்தக் கதி. கம்பெனி நாளைக்கு என்ன முடிவெடுக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. நம் ஊரில் ஸ்டிக்கரும் சீட் கவரும் மாற்றி ‘லிமிடெட் எடிஷன்’ என்று விற்பதற்கு நான் ஒரு ரூபாய்கூட அதிகம் தரமாட்டேன்.

இனி, யாரும் கேட்காத இரண்டாவது கேள்வி. 1996 ஜிப்ஸி ஒன்று ஓடாமல் நின்றால், பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா என்று இரண்டே இடத்தில் பார்க்கலாம். வால்பாறையில் மரத்தடியில் வைத்தும் சரிசெய்வார்கள். 2015-க்குப் பிறகு வந்த ஒரு கார் நின்றால், எந்த மாட்யூல் எந்த மாட்யூலோடு பேசவில்லை என்று முதலில் ஸ்கேனர் சொல்ல வேண்டும். என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஓர் ஐரோப்பிய செடான், ஆறு மாதம் வெளியே எடுக்காமல் ஷெட்டில் ‘பத்திரமாக’ நிறுத்தியது. ஷெட்டுக்கு ஒரு பக்கம் தகரம் ஒழுகியிருக்கிறது. சன்ரூஃப் ஓரத்தில் தண்ணீர் வடியும் மெல்லிய குழாயில் புளிய இலையும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. மழைத்தண்ணீர் தூண் வழியாக இறங்கி டிரைவர் பக்கக் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கிவிட்டது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச், பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. அங்கே ஓடும் வயர்களின் கனெக்டர் பின்கள் பச்சை பூத்து ஒவ்வொன்றாக உதிர்கின்றன. வண்டி ஓடியது மிகக் குறைவு, பெயிண்ட் கண்ணாடி மாதிரி. வயரிங்கை மாற்ற ஆன செலவில் நல்ல ஆல்டோ ஒன்று வாங்கியிருக்கலாம்.

இதில் உதிரிபாகம் பெரிய தலைவலி. இரும்பை லேத்தில் கடையலாம், ரப்பர் புஷ்ஷை அச்சுப் போட்டு வார்க்கலாம், தகரத்தை அடித்துச் சேர்க்கலாம். கோவையில் இவை எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. ஆனால் ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட்டையோ, சாவியின் சிப்போடு பூட்டப்பட்ட ஈசியூவையோ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), ஓரம் உரிந்த டச் ஸ்கிரீனையோ இங்கே யாரும் வார்க்க முடியாது. 20 வருடம் கழித்து அவற்றைப் பழுதுபார்க்கும் தொழில் ஒன்று உருவாகிவிடும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். வெளிநாட்டில் சர்க்யூட் போர்டைத் திறந்து சரிசெய்யும் கடைகள் ஏற்கெனவே இருக்கின்றன, நம்மூரிலும் பெருகலாம். அது உண்மையானால் என் கவலை பாதி தேவையற்றதாகிவிடும். ஆனால் அந்த நம்பிக்கையில் ஏழு லட்சம் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெட்ரோலையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர், டேங்க் உள்பூச்சு எதுவும் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிற்கும் வண்டியில் அது டேங்க்கைத் துருப்பிடிக்கவிடும். மூடி வைப்பதுதான் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுகிற வண்டிதான் நிலைக்கும்.

சட்டத்துக்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது: 50 வயது தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவம் மாறியிருக்கக் கூடாது, ‘விஏ’ எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். நல்ல விஷயம். ஆனால் 2015-ல் பதிவான காருக்கு அந்த மரியாதை 2065-ல்தான். 15 வயதிலிருந்து 50 வயது வரை 35 வருடம் அது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய வண்டி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓவில் நிறுத்தி எஃப்சி காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். மொத்தம் ஏழு தடவை. காருக்கு 2022-ல் 5,000 ஆக்கிய கட்டணத்தை, 20 வயது தாண்டிய வண்டிக்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. டெல்லியில் 10 வயது டீசலுக்கும் 15 வயது பெட்ரோலுக்கும் வந்த தடை இத்தனை வருடமாகக் கோர்ட்டில் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று வருமா என்று என்னால் சொல்ல முடியாது. வந்தால் டீசலுக்குத்தான் முதல் அடி என்பது என் ஊகம். ஆகவே இரண்டு வண்டிகளில் மனம் ஊசலாடினால் பெட்ரோலை எடுங்கள்.

விலை ஏறுவது பற்றிப் பேசும்போது எதிர்ப்பக்கக் கணக்கையும் எழுதிப் பார்க்க வேண்டும். ஏழு லட்சத்தை ஆண்டுக்கு 6.5 சதவீத வட்டியில் 20 வருடம் வங்கியில் விட்டால், வரிக்கு முன் ஏறக்குறைய 24.5 லட்சம். அதே 20 வருடத்தில் வண்டிக்கு இன்சூரன்ஸ், ஓடாவிட்டாலும் ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை இறுகிப்போகும் டயர்கள், மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு பேட்டரி, ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், எஃப்சி செலவு. சிக்கனமாகப் பார்த்தாலும் வருடத்துக்கு 30,000 என்றால் ஆறு லட்சம். ஆக, வட்டியை விட்டதற்கும் பராமரித்ததற்கும் ஈடுகட்டவே வண்டி 30 லட்சத்துக்கு மேல் விற்க வேண்டும். இந்தியாவில் சாதாரணக் கம்பெனிக் காருக்கு அந்த மாதிரி ஏற்றம் நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். நடக்கும் என்று எழுதிக் கொடுக்கவும் மாட்டேன்.

சரி, உங்கள் நான்கு வண்டிகள். தார் வேண்டாம். அருமையான வண்டிதான், ஆனால் இன்னும் தயாரிப்பில் இருக்கிறது, ஊரெல்லாம் ஓடுகிறது. முதல் பத்து பதினைந்து வருடத்துக்கு விலை இறங்கத்தான் செய்யும். அந்தத் தேய்மானத்தை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்? 2015-ன் பையன் ஆசைப்பட்டதும் இதற்கு முந்தைய தாரைத்தான்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ எனக்கு இருமனம். 2013-ல் வந்தபோது 1.2 டர்போ பெட்ரோல், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் என்று அந்த விலையில் அப்படியொரு வண்டி கிடையாது. 2022-ல் போலோவே இந்தியாவில் நின்றுவிட்டது. அதைப் பார்த்து ஏங்கிய தலைமுறை பெரியது. எல்லா லட்சணமும் இருக்கிறது, அந்த கியர்பாக்ஸைத் தவிர. அதிலிருக்கும் டிரை கிளட்ச் டிஎஸ்ஜி உலகம் முழுக்கப் பெயர் கெட்டது. 2013-ல் ஃபோக்ஸ்வேகன் பெரிய அளவில் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. அந்த கியர்பாக்ஸை இயக்கும் மெகட்ரானிக் யூனிட் 20 வருடம் கழித்து எங்கிருந்து வரும்? போலோதான் வேண்டும் என்றால், கடைசி இரண்டு வருடங்களில் 1.0 டிஎஸ்ஐ இன்ஜினோடு ஆறு கியர் மேனுவலில் வந்ததைத் தேடுங்கள். குதிரைத்திறன் அதைவிடச் சற்றே அதிகம், தலைவலி குறைவு.

2004-ல் வந்த ஆக்டேவியா விஆர்எஸ் என் மனசுக்குப் பிடித்தது. 1.8 டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன், மேனுவல் கியர். அன்றைக்கு இங்கே கம்பெனி ஷோரூமிலேயே டர்போ பெட்ரோல் செடான் வாங்கலாம் என்பது பெரிய விஷயம். மின்னணுச் சிக்கலும் இன்றைய காரளவுக்கு இல்லை. ஆனால் மிஞ்சியிருப்பவற்றில் பாதிக்கு மேல் வேகம் கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றி (ரீமேப்), பெரிய டர்போ மாட்டி, மூன்று கைமாறியவை. மாற்றாத ஒன்று ஒரே ஓனரிடமிருந்து கிடைத்தால் எடுக்கலாம். அதை எடுத்தால் லாபத்தை மறந்துவிட்டு எடுங்கள்.

மிச்சம் ஜிப்ஸி. நான்கில் எனக்கு ஓரளவு நம்பிக்கை இருப்பது இதில்தான். 1985-ல் 970 சிசியோடு வந்து, 90களின் நடுவில் 1.3 லிட்டராகி, பெரிய மாற்றமே இல்லாமல் 2019 வாக்கில்தான் விடைபெற்றது. ராணுவமும் போலீஸும் வனத்துறையும் ஓட்டியதால் உதிரிபாகம் இன்னும் பல வருடம் கிடைக்கும். அதற்கு ஏங்குகிறவர்கள் ஒரே தலைமுறையில் அடங்கவில்லை. 2023-ல் ஜிம்னி வந்தும் ஜிப்ஸியின் இடம் அசையவில்லை. உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றும் சொல்கிறேன்: பழைய டாடா சியரா. 1991 வண்டி. 2025 இறுதியில் டாடா அதே பெயரில் புதியதை இறக்கியதும் பழையதைப் பற்றிப் பேச்சு கூடிவிட்டது. ஆனால் பின்பக்கம் கூரைவரை வளைந்து ஏறும் அந்தப் பெரிய கண்ணாடி உடைந்தால் மாற்றுக் கண்ணாடி கிடைப்பது குதிரைக்கொம்பு. அதோடு டீசல்.

மின்சாரக் கார்களில் எது கிளாசிக் ஆகும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். பெங்களூரில் 2001-லேயே விற்பனைக்கு வந்த ரேவா ஒருநாள் சேகரிப்பாளர்களுக்கு வேண்டியதாகும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவதற்கு மேல் அதில் ஆதாரம் எதுவும் இல்லை.

ஜிப்ஸியே பார்ப்பதாக இருந்தால், பெயிண்ட் பளபளப்பை விட்டுவிட்டுச் சின்னச் சின்ன இடங்களைப் பாருங்கள். முன் ஃபென்டர் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உடைந்திருந்தால் ஃபென்டர் ஒருமுறை கழன்றிருக்கிறது. கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் தேதிக் குறியும், சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் துண்டின் தேதியும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணாடி மட்டும் இளையதாக இருந்தால் கல்லடியாக இருக்கலாம். மூன்று இளையதாக இருந்தால் வண்டி உருண்டிருக்கலாம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகர விளிம்பில் காந்தத்தை வைத்து நகர்த்துங்கள், பட்டி போட்ட இடத்தில் பிடி விட்டுப்போகும். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி என்றால் ஏலக் காகிதம், சிவில் பதிவு, சேஸ் நம்பர் மூன்றையும் ஒரே மேஜையில் வைத்து ஒப்பிடுங்கள். ஹார்ட் டாப்பாக விற்பது ஆர்சியில் சாஃப்ட் டாப் என்று இருந்தாலோ, இன்ஜின் நம்பரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலோ, ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்று புரோக்கர் சொல்வார். அவருக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.